கூலியில்லாத பதினாறு நாட்கள்

‘கரன்ட் பில் கட்டியாச்சா? கேஸ் புக் பண்ணியாச்சா? பாஸ்புக் என்ட்ரி போட்டாச்சா? பிள்ளையோட ஸ்காலர்ஷிப் என்ன ஆச்சு?’ ரெட்டியார்பாளையத்திலும் அதைச் சுற்றியுள்ள உழவர்கரை நகராட்சிப் பகுதிகளிலும் உள்ள தலித் குடியிருப்புகளில் இந்த நான்கு கேள்விகளும் கேட்காத நாள் குறைவு. கேட்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். பதில் சொல்ல வேண்டியவரும் பெரும்பாலும் அவரே.

ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு வரிசை இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு ஆறு இலக்க ஓடிபி, ‘சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க’ என்ற ஒரு பதில். இவற்றுக்காகச் செலவாகும் நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நாள்கூலிக்குப் போகிறவருக்கு நேரம் என்பது கூலி. அரை நாள் போனால் அரை நாள் சம்பளம் போச்சு. வீட்டுக் கட்டணங்களும் இணையக் கணக்குகளும் தலித் குடும்பங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும் நேரம் எவ்வளவு, அது ஏன் இவர்கள் மீது கூடுதலாக விழுகிறது, குறைக்க என்ன வழி என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

எண்ணிப் பார்த்தால்...

ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கணவர் கட்டட வேலை, மனைவி வீட்டுவேலை, மகள் கல்லூரியில், மகன் பள்ளியில். கையில் சிவப்பு ரேஷன் அட்டை. இது நாமே போட்டுப் பார்க்கும் கணக்குதான். உங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. புதுச்சேரியில் மாதா மாதம். முறைக்கு ஒரு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 12 மணி நேரம். இரண்டு செல்போன்களுக்கு ரீசார்ஜ். 28 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 12 முறை போதாது, 13 முறை போட வேண்டும். இரண்டு போனுக்கு 26 முறை. கடைக்குப் போய்வர கால் மணி என்று வைத்தாலும் ஆறரை மணி. கேஸ் சிலிண்டர் ஆண்டுக்கு எட்டு என்று கொண்டால், பதிவு செய்து ஆள் வரும்வரை வீட்டில் காத்திருக்க எட்டு மணி. உதவித்தொகை வந்ததா என்று பார்க்கவும் பணம் எடுக்கவும் வங்கிக்கு மாதம் ஒரு முறை, இரண்டு மணி வீதம் 24 மணி. ரேஷனுக்கு அதேபோல 24 மணி. குழு லோன் கூட்டத்துக்கு மாதம் ஒரு மணி, ஆக 12 மணி. வருமானச் சான்று, சாதிச் சான்று, குடியிருப்புச் சான்று, கல்வி உதவித்தொகை விண்ணப்பம் ஆகியவற்றுக்கு நான்கு வேலை நாட்கள், அதாவது 32 மணி. ஆதாரில் ஏதோ ஒரு திருத்தத்துக்கு ஒரு நாள், எட்டு மணி.

கூட்டினால் 126 மணி நேரத்துக்கும் மேல். எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாளாகக் கொண்டால் ஏறக்குறைய 16 நாட்கள். 2024-25இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். அந்தக் குறைந்த கூலியில் கணக்கிட்டாலும் 16 நாட்களுக்கு 5,104 ரூபாய். புதுச்சேரி அரசு 2023 ஜனவரியில் குடும்பத் தலைவிகளுக்குத் தொடங்கிய உதவி மாதம் 1,000 ரூபாய். அந்தக் கணக்குப்படி ஐந்து மாத உதவித்தொகைக்குச் சமமான நேரம், உதவிகளைப் பெறுவதற்கும் பில்களைக் கட்டுவதற்குமே போய்விடுகிறது.

இதே ரெட்டியார்பாளையத்தில், வில்லியனூர் சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீட்டில் மாதச் சம்பளம் வாங்குபவருக்கு இந்த வேலை எவ்வளவு? மின் கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிறது. ரீசார்ஜ் ஒரே முறையில் ஆண்டு முழுவதற்கும் முடிகிறது. மாதத்துக்குச் சில நிமிடங்கள். கையில் மொத்தமாகப் பணம் இருப்பவருக்கு நேரம் மிச்சம். அன்றன்றைக்குக் கூலி வாங்குபவருக்குப் பணமும் துண்டு துண்டாகவே வரும், செலவாகும் நேரமும் துண்டு துண்டாகவே போகும்.

அரிசிக்குப் பதில் பணம்: புதுச்சேரி கண்ட பாடம்

இந்த விஷயத்தில் நாடு முழுவதற்கும் சோதனைக் களமாக இருந்த ஊர் புதுச்சேரி. 2015 செப்டம்பரில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் போடும் திட்டம் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கியது. அடுத்த ஆண்டு தாத்ரா நகர் ஹவேலியின் நகரப் பகுதிகளும் சேர்ந்தன. ரேஷன் கடைக்குப் போக வேண்டாம், எடை மோசடி இல்லை, பணம் நேராகக் கைக்கு வரும் என்று சொல்லப்பட்டது.

நிதி ஆயோக்குக்காகப் பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகியோர் இந்த மூன்று இடங்களிலும் பல சுற்றுகளாக ஆய்வு நடத்தினார்கள். அரசுப் பதிவேட்டின்படி பணம் போய்ச் சேராத கணக்குகள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பயனாளிகளைக் கேட்டபோது, கடைசிச் சுற்றிலும்கூட 20 சதவீதம் பேர் பணம் வரவில்லை என்றார்கள். பணம் ஒரு கணக்குக்குப் போயிருக்கும், குடும்பம் வேறொரு பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். அல்லது போட்ட தொகை வேறு எதற்கோ கழிந்திருக்கும். வங்கிக்குப் போய் எடுத்து, சந்தையில் அரிசி வாங்கி வருவதற்குச் சராசரியாக, ரேஷன் கடையில் வாங்கியதைவிட அதிக நேரமும் அதிகப் பணமும் செலவானது என்றும் அந்த ஆய்வு சொன்னது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாள் போகப் போகப் பணமாகப் பெறுவதையே விரும்புவதாகச் சொன்னவர்களின் எண்ணிக்கை கூடியதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. நல்ல அரிசியாகப் பார்த்து வாங்கலாம் என்பது சிறிய விஷயம் அல்ல. எனவே பணமா, அரிசியா என்பது மட்டும் கேள்வி அல்ல. எது கொடுத்தாலும் அதைப் பெற மக்கள் எத்தனை நாள் அலைய வேண்டும் என்பதும் கேள்வி. மாநிலத் திட்டத்தில் சிவப்பு அட்டைக்கு 20 கிலோ, மஞ்சள் அட்டைக்கு 10 கிலோ இலவச அரிசி. அதுவும் பணமாக மாறி, 600 ரூபாய், 300 ரூபாய் என்று கணக்கில் வந்தது. துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் இடையே இதில் நடந்த மோதல் நீதிமன்றம் வரை போனது. ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து, 2024 தீபாவளியை ஒட்டித்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அத்தனை ஆண்டுகளும் வங்கி வாசலில் நின்றவர்களின் நேரத்தை அந்த விவாதத்தில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பெயரில் தொடங்கும் அலைச்சல்

அலைச்சலுக்கு மிகப் பெரிய காரணம் எது என்று கேட்டால், பெயர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்து, வங்கியில் ஒரு எழுத்து, ரேஷன் அட்டையில் வேறொன்று. கணினிக்கு இவர்கள் மூவரும் மூன்று ஆட்கள்.

புதுச்சேரியில் இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சு முறையில் எழுதினார்கள். முருகன் என்று எழுத ‘யூ’ ஒன்று போதும் என்று ஆங்கிலம் சொல்லும். பிரெஞ்சோ ‘ஓ’, ‘யூ’ இரண்டையும் சேர்க்கும், கடைசியில் ஒரு ‘ஈ’ எழுத்தையும் ஒட்டும். நம் உழவர்கரை அரசுப் பலகையில் ஆங்கிலத்தில் இன்றும் ‘ஊல்காரெட்’ என்றுதானே இருக்கிறது! தாத்தாவின் பதிவு பிரெஞ்சு எழுத்தில், அப்பாவின் பள்ளிச் சான்று ஆங்கில எழுத்தில், பேத்தியின் ஆதார் கணினி போட்ட எழுத்தில். மூன்றையும் பொருத்திக் காட்டினால்தான் சான்று கிடைக்கும் என்றால், யார் பொருத்திக் காட்டுவது?

இதில் தமிழர் அனைவருக்கும் பொதுவான ஒரு சிக்கலும் இருக்கிறது. படிவம் ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ கேட்கிறது. சாதிப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடாத சமூகம் நம்முடையது. நமக்கு இருப்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. ஒரு படிவத்தில் இனிஷியல் முன்னால் வருகிறது, இன்னொன்றில் பின்னால் வருகிறது, மூன்றாவதில் அப்பாவின் முழுப் பெயரும் ‘கடைசிப் பெயர்’ ஆகிவிடுகிறது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். அவசரத்தில் தவறாகத் திருத்திவிட்டால் அடுத்த வாய்ப்பு ஒன்றே ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள், திரையில் என்ன எழுத்து விழுகிறது என்று பார்க்க முடியாமல் ‘சரி’ என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள். அதன் விலை பத்து ஆண்டு கழித்து ஓய்வூதிய விண்ணப்பத்தில் தெரியும்.

1964 மார்ச் 5

தலித் குடும்பங்களுக்கு இந்த அடுக்கின் மேல் இன்னொரு அடுக்கு இருக்கிறது. அதுதான் சாதிச் சான்று. புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகள் ஆணையைக் குடியரசுத் தலைவர் 1964 மார்ச் 5 அன்று வெளியிட்டார். அந்த நாளில் இங்கு குடியிருந்தவர்களின் வழி வந்தவர்கள் ‘பூர்வீகம்’, பின்னால் வந்தவர்கள் ‘குடிபெயர்ந்தவர்கள்’ என்ற பிரிவினை பல பத்தாண்டுகளாக நீடிக்கிறது. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகள் அதற்குச் சாட்சி. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரியில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 1.96 லட்சம் பேர், மொத்த மக்கள்தொகையில் 15.7 சதவீதம். இவர்களில் எத்தனை வீடுகளில் அறுபது ஆண்டுக்கு முந்தைய காகிதம் பத்திரமாக இருக்கும்? நிலம் இருந்தவரிடம் பத்திரம் இருக்கும். அரசாங்க வேலை பார்த்தவரிடம் பணிப் பதிவேடு இருக்கும். கூரை வீட்டில், மழையிலும் தீயிலும் தப்பிப் பிழைத்தவர்களிடம் என்ன காகிதம் இருக்கும்? நிலமும் பள்ளியும் மறுக்கப்பட்ட மக்களிடம்தான் நிலத்தின் காகிதத்தையும் பள்ளியின் காகிதத்தையும் கேட்கிறோம்.

பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான கல்வி உதவித்தொகை 1944இல் தொடங்கியது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் முயற்சி அதற்குப் பின்னால் இருந்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஐந்து ஆண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டமாக அதை மாற்றியமைத்தது. மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும் என்றார்கள். குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். நேராக வருவது நல்லதுதான். ஆனால் பணம் வந்து சேர, வருமானச் சான்று செல்லுபடியாக வேண்டும், ஆதார் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும், அந்தக் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும், பதிவு செய்த செல்போன் எண் வேலை செய்ய வேண்டும். இதில் ஒன்று அறுந்தாலும் பணம் நின்றுவிடும். கல்லூரி அலுவலகமோ ‘கட்டணம் கட்டு’ என்று மாணவியைத்தான் கேட்கும்.

சென்டாக் வழியாகக் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் இந்தச் சான்றுகள் எல்லாம் ஒரே வாரத்தில் தேவைப்படும். ஊரில் இருக்கும் எல்லாக் குடும்பங்களும் ஒரே சாளரத்தில் போய் நிற்கும். அந்த ஒரு வாரம் கூலி கிடையாது.

படித்த பிள்ளையின் தோளில்

முன்பெல்லாம் சேரியில் ஒருவர் நாலெழுத்து படித்திருந்தால், வந்த கடிதங்களை எல்லாம் அவர்தான் வாசிப்பார், மணியார்டர் பாரமும் அவர்தான் எழுதுவார். இன்று அந்த இடத்தில் இருப்பவர், ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளை. தெருவில் யாருக்கு ஓடிபி வந்தாலும் அந்த வீட்டுக் கதவுதான் தட்டப்படும். கேஸ் மானியம் வரவில்லை, பிஎஃப் கணக்கில் பெயர் சேரவில்லை, பாட்டிக்கு ஓய்வூதியம் நின்றுவிட்டது என எல்லாவற்றுக்கும் ‘நம்ம புள்ள பாத்துக்கும்’.

அது பெருமைக்குரிய உதவிதான். நமக்கு நாமே என்ற பண்பு அதில் இருக்கிறது. ஆனால் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்குத் தேர்வு நேரத்தில் தெருவின் எழுத்தர் வேலையும் சேர்ந்துகொண்டால், அவள் படிக்க வேண்டிய மணி நேரம் குறைகிறது. பக்கத்து ஊரில் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்த வேலை கிடையாது. ஒரே தேர்வை எழுதும் இரண்டு பேருக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசத்தைக் கல்லூரிகள் கவனிக்க வேண்டும். மாணவர்களும் ஒன்று செய்யலாம். ஒருவரே சுமப்பதைவிட, நான்கைந்து பேர் சேர்ந்து ஞாயிறு மாலை இரண்டு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கி, அம்பேத்கர் மன்றத்திலோ சமுதாயக் கூடத்திலோ உட்காரலாம். மற்ற நாட்களில் ‘ஞாயித்துக்கிழமை வாங்க அத்தை’ என்று சொல்லும் உரிமை அவர்களுக்கும் வேண்டும்.

யார் நேரம் போகிறது?

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். சமைப்பது, துவைப்பது போலவே, வீட்டுக் கட்டணங்களைக் கட்டுவதையும் கூலியில்லாத வீட்டு வேலையின் ஒரு வகையாகத்தான் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பட்டியல் வைத்திருக்கிறது. அதாவது இதுவும் வேலைதான். நாம்தான் அதை வேலை என்று சொல்லிக்கொள்வதில்லை.

இன்னொரு பக்கம், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். கணக்கு பெண் பெயரில், போன் ஆண் கையில். அவள் கணக்கில் 1,000 ரூபாய் வந்த செய்தி அவனுக்குத்தான் முதலில் போகிறது. நேரம் மட்டும் அல்ல, பணத்தின் மீதான பிடியும் இதில் அடங்கியிருக்கிறது.

அமெரிக்க அறிஞர்கள் பமேலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன் இருவரும் 2018இல் வெளியிட்ட நூலில் இதை ‘நிர்வாகச் சுமை’ என்று அழைக்கிறார்கள். எங்கே போவது என்று தெரிந்துகொள்ளும் சுமை, காகிதங்களைச் சேர்த்து வரிசையில் நிற்கும் சுமை, அவமானத்தையும் பதற்றத்தையும் தாங்கும் சுமை என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். மூன்றாவதை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாதிச் சான்றை நீட்டும்போது சாளரத்துக்கு அந்தப் பக்கம் மாறும் முகத்தையும், ‘உங்களுக்கெல்லாம் சும்மாதானே வருது’ என்ற பேச்சையும் கேட்காதவர் யார்?

நூறு நாள் வேலையில் இது வெளிப்படையாகவே நடந்தது. 2021இல் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று தனித்தனியாகப் பிரித்து அனுப்பும் முறையை மத்திய அரசு கொண்டுவந்தது. ஒரே இடத்தில் ஒரே மண்ணை வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாளில் கூலி வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அந்த ஆண்டே அது கைவிடப்பட்டது. 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாக மட்டுமே கூலி என்ற விதி வந்தபோது, பெயர் பொருந்தாதவர்கள் மீண்டும் வங்கிக்கும் வட்டார அலுவலகத்துக்கும் நடந்தார்கள்.

ஓடிபியைக் கொடுத்தால்...

நேரம் இல்லாதவர் என்ன செய்கிறார்? ‘நீயே பாத்துக்கோப்பா’ என்று போனையும் ஏடிஎம் கார்டையும் யாரிடமாவது கொடுத்துவிடுகிறார். விண்ணப்பத்தில் தன் எண்ணுக்குப் பதில் கடைக்காரர் எண்ணைக் கொடுக்கிறார். நல்ல கடைக்காரர்கள் பலர் உண்டு. ஆனால் அந்த எண் மாறிவிட்டால் ஓடிபி எங்கே போகும்? ரீசார்ஜ் போடாமல் விட்ட சிம் நாளடைவில் வேறொருவருக்குப் போய்விடும். அதோடு நம் வங்கிச் செய்திகளும் போகும்.

‘உங்கள் மின் இணைப்பு இன்று இரவு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று வரும் குறுஞ்செய்தி பலரை ஏமாற்றியிருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவின்படி, கட்டணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்க 15 முழு நாட்கள் முன்னதாக எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இன்று இரவே துண்டிப்போம் என்று எந்தத் துறையும் குறுஞ்செய்தி அனுப்பாது. முன்பணம் கட்டும் ஸ்மார்ட் மீட்டரைப் புதுச்சேரி மக்கள் எதிர்த்ததற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. இப்போது பில் வந்த பிறகு அவகாசம் இருக்கிறது. முன்பண மீட்டரில் மீதித் தொகையைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை வீட்டுக்காரரின் தலையில் விழும். காசு தீர்ந்தால் விளக்கு தானாக அணையும்.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒன்று: ஒருவருக்கு மூன்று வங்கிக் கணக்கு இருந்தால், அரசு உதவித்தொகை போவது கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கு. பணம் வரவில்லை என்றால் முதலில், எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்று கேளுங்கள். பழைய பாஸ்புக்கோடு அலைவதில்தான் பாதி நாள் போகிறது.

இரண்டு: உதவித்தொகைக்காகவும் அரசுத் திட்டப் பணத்துக்காகவும் தொடங்கிய பூஜ்ய இருப்புக் கணக்குகளை, இரண்டு ஆண்டு பயன்படுத்தவில்லை என்பதற்காகச் செயலற்ற கணக்காக வகைப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. முடங்கிய கணக்கில் குறைந்தபட்ச இருப்புக்காக அபராதம் பிடிக்கவும் கூடாது. அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பே தேவையில்லை.

மூன்று: வங்கியிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம். விவரம் கேட்க 14448.

நான்கு: இணைய மோசடியில் பணம் போனால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

ஐந்து: ஒப்பந்தத் துப்புரவுப் பணியில் இருப்பவர்கள், பிஎஃப் பணத்தை ஒப்பந்தக்காரர் கட்டுகிறாரா என்று பார்க்க அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. யுஏஎன்னில் பதிவு செய்த எண்ணிலிருந்து 99660 44425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் விவரம் வரும்.

ஆறு: 5 வயதிலும் 15 வயதிலும் பிள்ளைகளின் கைரேகை, கருவிழிப் பதிவை ஆதாரில் புதுப்பிக்க வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. பத்தாம் வகுப்புக்கு முன்னாலேயே முடித்துவிட்டால் உதவித்தொகை நேரத்தில் அலைச்சல் குறையும்.

ஏழு: ரேகை விழாததாலோ ஆதார் இணைக்காததாலோ ரேஷனை மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பாத்திரம் தேய்த்தும் சிமென்ட் கலந்தும் ரேகை தேய்ந்தவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு வழியில் சரிபார்த்துப் பொருளைக் கொடுப்பது கடையின் கடமை.

கேட்க வேண்டியவை

மக்கள் சாமர்த்தியமாக இருந்தால் மட்டும் இது தீராது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் தொடுத்த வழக்கு அது. கிராம மக்கள், முதியோர், நலிந்த பிரிவினர் ஆகியோரையும் மனதில் வைத்தே அரசின் கடமையை நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நாம் சிலவற்றைக் கேட்கலாம்.

சாதிச் சான்றை எட்டாம் வகுப்பில் படிக்கும்போதே பள்ளி வழியாகக் கொடுத்துவிட வேண்டும் என்று மத்தியப் பணியாளர் துறை 2015இல் மாநிலங்களுக்கு எழுதியது. பள்ளியே காகிதங்களைச் சேகரித்து வருவாய்த் துறைக்கு அனுப்பினால், ஒவ்வொரு தாயும் தனித்தனியாகத் தாலுகா அலுவலகம் போக வேண்டியதில்லை. ஒரு முறை அரசு கொடுத்த சான்றை அதே அரசின் இன்னொரு துறை மறுபடி கேட்பது ஏன்? ஆதிதிராவிடர் நலத்துறையிடம் இருக்கும் காகிதத்தைச் சென்டாக் எடுத்துக்கொள்ள முடியாதா? மாதம் இரண்டு முறை மாலை நேரத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோ, வருவாய்த் துறை, வங்கி, ஆதார், மின்துறை ஆட்கள் காலனிக்கே வந்து உட்கார்ந்தால் கூலி நாள் மிஞ்சும். விண்ணப்பப் பக்கமும் குறுஞ்செய்தியும் தமிழில் வர வேண்டும். 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ் இங்கு ஆட்சிமொழி. பணம் நின்றால், ஏன் நின்றது, யாரிடம் போக வேண்டும் என்று ஒரு வரியில் சொல்ல வேண்டும். நின்ற பணத்தைத் தேடி மக்கள் அலையக் கூடாது, துறையே தேடி வந்து சேர்க்க வேண்டும். இணையம் வந்த பிறகும், பணத்தைக் கையில் கொடுத்து ரசீது வாங்கும் சாளரம் மூடப்படக் கூடாது.

புதிய திட்டம் ஒவ்வொன்றையும் அறிவிக்கும்போது அதற்கு எத்தனை கோடி என்று சொல்கிறார்கள். அதைப் பெற ஒரு வீட்டுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்றும் சேர்த்துச் சொல்லச் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். அதுவரை நாமே கணக்கு வைக்கலாம். காலண்டரில் பால் கணக்கு எழுதும் கட்டத்திலேயே, அலுவலகம் போன நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். ஆண்டு முடிவில் தெரு முழுவதும் கூட்டிப் பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு, கிராம சபையில் ஒரு தீர்மானம், தொகுதி உறுப்பினரிடம் ஒரு கோரிக்கை என எதற்கும் அந்தக் கோடுகள் ஆதாரமாகும்.